குரோமாக்ஸின் ‘வெலாக்’ கட்டளை: நேர இணைபுச் சார்பு கணிப்போருக்கான மதிப்பீடு

திரவ நீரின் பரவல் குணகத்தை, அதாவது மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவை, மூலக்கூற்று இயக்கவியல் (மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் பின்பற்றும் முறை) தரவிலிருந்து பெற முனையும் மாணவர்களுக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் குரோமாக்ஸ் மென்பொருளிலுள்ள வெலாக் கட்டளையை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ஹட்டனில் வீட்டிலிருந்தபடி சாதாரண மடிகணினியில் முதுமாணி ஆய்வைச் செய்யும் எனக்கு, இணைய இணைப்பை நம்பியிராமல் முழுக் கணிப்பையும் முடிக்க முடிவது பேருதவி. மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டாலும், மென்பொருள் இடையிடையே சேமித்துவைக்கும் நிலையிலிருந்து ஓட்டத்தைத் தொடரலாம்.

ஒரு மூலக்கூற்றின் தொடக்க வேகத்துக்கும் பிந்திய வேகத்துக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு விரைவில் அற்றுப்போகிறது என்பதையே, வெலாக் கணிக்கும் நேர இணைபுச் சார்பான வேகத் தன்னிணைபுச் சார்பு காட்டுகிறது. 1954இல் கிரீனும் 1957இல் கூபோவும் வெளியிட்ட ஆய்வுகளின் வழியே வந்த சமன்பாட்டின்படி, அச்சார்பை நேரம் சார்பாகத் தொகையிட்டு மூன்றால் வகுத்தால் பரவல் குணகம் கிடைக்கும்.

கட்டளையை இயக்குவது எளிது. அதற்குமுன் எடுக்கவேண்டிய முடிவில்தான் கவனம் தேவை. பலரும் வழக்கமாகச் சேமிக்கும் எக்ஸ்.டி.சி. கோப்பில் வேகங்களே இருப்பதில்லை, டி.ஆர்.ஆர். கோப்பில், அதுவும் நெருக்கமான இடைவெளியில், அவற்றைப் பதியவேண்டும். நீரில் இச்சார்பு ஏறத்தாழ ஒரு பிக்கோசெக்கனுக்குள் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) பெரும்பாலும் தணிந்துவிடுவதால், ஒரு பிக்கோசெக்கனுக்கு ஒருமுறை பதிந்த தரவு, எத்தனை நாள் ஓடிப் பெற்றதாயினும், இதற்குப் பயன்படாது. பிணைப்பு நீளங்கள் மாறாத நீர் மாதிரிக்கு 10 பெம்டோசெக்கன் (பெம்டோசெக்கன் என்பது பிக்கோசெக்கனின் ஆயிரத்தில் ஒன்று) இடைவெளி போதும். ஆனால் ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பின் நீட்சி அதிர்வுக்காலமே ஏறத்தாழ 10 பெம்டோசெக்கன் என்பதால், அந்த அதிர்வையும் ஆராய்வோர் அதன் பாதிக்கும் குறைவான இடைவெளியைக் கொள்ளவேண்டும். 1000 நீர் மூலக்கூறுகளின் வேகங்களை 10 பெம்டோசெக்கனுக்கு ஒருமுறை 100 பிக்கோசெக்கனுக்குப் பதிந்தால், கோப்பு ஏறத்தாழ 360 மெகாபைற் ஆகும். பழைய மடிகணினியும் அதைத் தாங்கும்.

இயல்பான அமைப்பில் வெலாக் சார்பின் தொடக்க மதிப்பை 1 ஆக்கியே தருகிறது. வளைவின் வடிவத்தைப் பார்க்க அது நல்லது. பரவல் குணகத்துக்கு அத்தெரிவை நீக்குவது அவசியம். சார்பின் நீளமும் இயல்பாகப் பதிந்த சட்டங்களின் (ஒவ்வொரு நேரப் புள்ளிக்குமான பதிவுகளின்) எண்ணிக்கையில் பாதியாகவே எடுக்கப்படுகிறது. அவ்வளவு நீண்ட வாலில் இரைச்சலே மிகுவதால், தொகையீடு சமநிலையாக நிற்கும் இடத்தைக் கண்டு அங்கே நிறுத்துவதே முறை.

சொந்தமாக நிரல் எழுதி, இச்சார்பை வேகமாகக் கணிக்க உதவும் விரைவு ஃபூரியர் உருமாற்றத்தைப் பயன்படுத்துவோர், தரவின் இறுதியில் பூச்சியங்களைச் சேர்க்காவிடில் முடிவும் தொடக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொரு நேர இடைவெளிக்கும் உண்மையில் கிடைக்கும் சோடிகளின் எண்ணிக்கையாலேயே வகுக்கவும் வேண்டும்.

கிடைத்த பெறுமானத்தைச் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியிலிருந்து வரும் பெறுமானத்துடன் கட்டாயம் ஒப்பிடுங்கள். அதற்கான கட்டளையும் அதே மென்பொருளில் உண்டு. 25 பாகை செல்சியசில் நீரின் பரிசோதனைப் பெறுமானம் செக்கனுக்கு ஏறத்தாழ 0.0000000023 சதுர மீற்றர். குரோமாக்ஸின் அலகில், ஒரு பிக்கோசெக்கனுக்கு 0.0023 சதுர நனோமீற்றர்.