அம்மாவோட நோட்டுல இருந்து வந்த பாட்டு: மேக் வைஸ்மன் ஆல்பம் எப்படி இருக்கு?

ப்ளூகிராஸ்னு, அதாவது பேஞ்சோ, ஃபிடில் மாதிரி தந்தி வாத்தியங்களை வேகமா வாசிக்கற அமெரிக்க கிராமத்து இசைன்னு, தேடி இதுக்கு வந்தீங்கன்னா முதல்லயே சொல்லிடறேன், பேஞ்சோ பறக்கற ஸ்பீடு இதுல கிடையாது. அமெரிக்கப் பாடகர் மேக் வைஸ்மன் 2014ல வெளியிட்ட 'சாங்ஸ் ஃப்ரம் மை மதர்ஸ் ஹேண்ட்' ரொம்ப நிதானமா போகும், அப்போ அவருக்கு வயசு 89. பாட்டுல என்ன கதை இருக்குன்னு கேக்கற ஆளுங்களுக்குத்தான் இது.

ஆல்பம் வந்த விதமே தனி. மேக் 1925ல வர்ஜீனியாவுல கிரிமோராங்கற சின்ன ஊர்ல பிறந்தவர், கைக்குழந்தையா இருக்கப்பவே போலியோ. அவங்கம்மா ரூத், ரேடியோ பக்கத்துல உக்காந்து வர்ற பாட்டையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க. பாட்டு ஓடற வேகத்துல ஒரு மனுஷி எவ்ளோதான் எழுத முடியும், விட்டுப்போன வரிய அதே பாட்டு திரும்ப ரேடியோல வர்றப்பதான் பிடிக்கணும், அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்! அப்படி சேந்ததுதான் 13 நோட்டு. அதுல இருந்து பொறுக்கி எடுத்த பாட்டுங்கதான் இந்த ஆல்பம், தயாரிச்சது பீட்டர் கூப்பரும் தாம் யூட்ஸும்.

மேக் லேசுப்பட்ட ஆள் இல்ல. 1946ல பாடகி மாலி ஓ'டேக்கு ரெக்கார்டிங்ல பாஸ்ங்கற பெரிய தந்தி வாத்தியம் வாசிச்சார், 1948ல லெஸ்டர் ஃப்ளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ்னு ரெண்டு ப்ளூகிராஸ் கலைஞர்கள் புதுசா குழு ஆரம்பிச்சப்போ அதுல முதல் செட்ல இருந்தார், அடுத்த வருஷமே ப்ளூகிராஸோட தந்தைன்னு சொல்ற பில் மன்ரோவோட குழுவுக்குப் போயிட்டார், அதாவது ப்ளூகிராஸ்ங்கற இசை உருவாகிட்டிருந்த அந்த ரெண்டு மூணு வருஷத்துல முக்கியமான ரெண்டு குழுவுலயும் இவர் இருந்திருக்கார். 1951ல இருந்து டாட் ரெக்கார்ட்ஸ்ங்கற இசைத்தட்டுக் கம்பெனியில தனியா பாடி ஹிட் குடுத்தார், அப்புறம் அதே கம்பெனியில கன்ட்ரி இசைப் பிரிவையே பாத்துக்கிட்டார். ஆனா தன்னை வெறும் ப்ளூகிராஸ் பாடகர்னு ஒரு பெட்டிக்குள்ள போடறது அவருக்குப் பிடிச்சதே இல்ல. இந்த ஆல்பத்தைக் கேட்டா ஏன்னு புரியுது, ஏன்னா இந்தப் பாட்டுல பலதுக்கு ப்ளூகிராஸை விட வயசு ஜாஸ்தி.

'புட் மை லிட்டில் ஷூஸ் அவே' எடுத்துக்கோங்க. 1870கள்ல எழுதினது. சாகப்போற குழந்தை அம்மாகிட்ட, என் ஷூவை எடுத்து வைங்க, தம்பிப்பாப்பா வளர்ந்ததும் போட்டுக்கட்டும்னு சொல்லுது. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு கேக்கறவங்கள அழ வைக்கறதுல அப்படி ஒரு குஷி போல! எவர்லி பிரதர்ஸ்ங்கற அண்ணன் தம்பி ஜோடி 1958ல இதையே ரெண்டு குரல்ல இழைச்சு அழகா பாடியிருப்பாங்க. மேக் அப்படி எதுவும் பண்ணல, நடந்ததை பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி பாடிட்டுப் போறார், குரல்ல வயசு தெரியுது, மூச்சு கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா ஒரு வார்த்தை கூட மென்னு முழுங்கல. எனக்கு இதுதான் அதிகமா வலிச்சுது. நடுவுல 'ஓல்ட் ராட்லர்' நாய்ப் பாட்டு வரும், அப்பாடான்னு இருக்கும்.

குறை இல்லாம இல்ல. தொடர்ந்து ஒரே மூச்சுல கேட்டா எல்லாம் ஒரே தாளத்துல போற மாதிரி தோணும், சாவு, அம்மா, சொர்க்கம்னு சோகம் மேல சோகம். ரெக்கார்டிங்கும் எனக்கு கொஞ்சம் ஜாஸ்தி வழவழன்னு இருக்கு, அந்தப் பழைய பாட்டுக்கு இன்னும் கரடுமுரடா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டு மூணு பாட்டா பிரிச்சுக் கேளுங்க, ராத்திரி ஹெட்ஃபோன்ல கேட்டா இன்னும் நல்லாருக்கு.

மேக்கை இதுவரைக்கும் கேட்டதே இல்லைன்னா இதுல ஆரம்பிக்காதீங்க. முதல்ல 1950கள்ல டாட்ல வந்த பாட்டுங்க, ரெண்டு ஃபிடில் சேந்து வாசிக்க நடுவுல அந்த இளம் குரல் மேல ஏறும் பாருங்க, அதைக் கேட்டுட்டு நேரா இதுக்கு வாங்க, 60 வருஷம் ஒரு குரலை என்ன பண்ணியிருக்குன்னு தெரியும். 2017ல 'ஐ சாங் த சாங்'னு அவரோட வாழ்க்கைக் கதைகளை வெச்சு இன்னொரு ஆல்பம் வந்துச்சு, அதுல பெரும்பாலும் மத்தவங்கதான் பாடறாங்க, அதனால அது அவசரம் இல்ல. பாடகர் ஜான் ப்ரைன் கூட சேந்து 2007ல பண்ணினது வேணா அடுத்ததா கேக்கலாம், அது ஜாலியா இருக்கும்.