ஹொனலூலுவிலேயே இறங்கிவிடலாமா? கப்பலின் கடைசி ஐந்து நாள்

சிட்னியில் மகன், வான்கூவரில் மகள், நடுவில் பசிபிக் கடல். போன ஏப்ரலில் நானும் வீட்டுக்காரரும் அதை விமானத்தில் தாண்டாமல் கப்பலில் தாண்டினோம், மொத்தம் 23 இரவு. ஆஸ்திரேலியப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலை அலாஸ்கா சீசனுக்காக வடக்கே கொண்டுபோகிற பயணம் இது. பாண்டிக்குத் திரும்பியதிலிருந்து எல்லாரும் ஃபிஜியையும் ஹவாயையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஹவாயில் இருக்கும் ஹொனலூலுவை விட்டபின் வான்கூவர் வரைக்கும் கரையே இல்லாத அந்த ஐந்து நாளைப் பற்றி. ஏனென்றால் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டே, "அங்க ஒண்ணும் இல்லம்மா, வெறும் தண்ணி, ஹொனலூலுவுல இறங்கி ஃப்ளைட் புடிச்சிடுங்க" என்றார். இறங்காதீர்கள். முழுப் பயணத்தில் எனக்குப் பிடித்ததே அந்த ஐந்து நாள்தான்.

ஆனால் சிரமங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹவாய்க்கும் வான்கூவருக்கும் அந்த மாதங்களில் மூன்று மணி நேர வித்தியாசம், அதனால் ஐந்து இரவில் மூன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி அறைக்குத் துண்டுச்சீட்டு வரும். தேதிக்கோட்டைத் தாண்டியபோது ஒரே தேதி இரண்டு நாள் வந்தது, அதை எல்லாரும் ரசித்தோம். இது அப்படி இல்லை, தூக்கம் போகிறது, காலைச் சாப்பாட்டுக் கூடமோ புது நேரப்படி ஒன்பதரைக்கே மூடிவிடுகிறது. அந்த மூன்று நாளாவது பத்தரை வரை திறந்து வைத்திருக்கலாம், எங்களைப் போன்ற வயதானவர்கள்தான் கப்பலில் பாதிக்கு மேல். பிரஷர், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் எந்த நேரக்கணக்கில் போடுவது என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஆட்டம். மூன்றாம் நாள் ராத்திரி வடமேற்கிலிருந்து நீள நீளமாக அலை வந்தது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க கப்பலுக்கு இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஒன்று உண்டு, ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அது ஒன்றும் செய்யாது. எங்கள் அறை முன்பக்கம், மேல் தளம். அலமாரிக்குள் காலி ஹேங்கர்கள் ஒன்றோடு ஒன்று மோதி டொக் டொக் என்று விடியவிடியச் சத்தம். கடைசியில் வீட்டுக்காரர் எழுந்து போய் ஹேங்கர்களுக்கு நடுவில் குளியல் துண்டுகளைத் திணித்த பிறகுதான் கண் மூடினோம். சுக்குப்பொடி கொண்டுபோயிருந்தேன், வெந்நீரில் போட்டுக் குடித்தது நன்றாகக் கேட்டது. அறையில் கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதுவும் வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும் பயம், அதனால் வெந்நீருக்கு மேலே பஃபே வரைக்கும் நடக்க வேண்டும்.

சரி, பிடித்தது என்ன என்றால், முதலில் அந்த நடை. பாண்டியில் தினமும் காலையில் காந்தி சிலைப் பக்கம் கடற்கரைச் சாலையில் நடக்கிறவள் நான், வண்டிகளைத் திறந்துவிடுவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் எப்போதும் இருக்கும். இங்கே நடைத்தளத்தில் மூன்றரைச் சுற்று ஒரு மைல், பின்னால் எந்த வண்டியும் வராது. முதல் நாள் பருத்திப் புடவையில் நடந்தேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கப்பல் போக, முன்பக்கத்திலிருந்து கோலா மீன்கள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. நம் பக்கம் சந்தையில் கூடையில் செத்துக் கிடப்பதைத்தான் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், செதில் நீலமாக மின்ன அது இறக்கையை விரித்து அலைக்கு மேலே அவ்வளவு தூரம் போவதை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் நாள் நாலைந்துதான் கண்ணில் பட்டன. மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை, தண்ணீர் குளிர்ந்துவிட்டது. அதற்குப் பதில் கறுப்பாக, நீண்ட இறக்கையோடு அல்பட்ராஸ் பறவை ஒன்று சிறகை அடிக்காமலே மணிக்கணக்கில் பின்னால் வந்தது. நாலாம் நாள் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. நம் மார்கழி வாடை இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நீச்சல் குளத்தில் ஆளே கிடையாது.

தினமும் நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் எங்கே இருக்கிறோம், காற்று எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று சொல்வார். ஒரு நாள் 5,000 மீட்டர் என்றார். சுற்றுமுற்றும் பேச்சு அப்படியே நின்றது.

சாப்பாட்டில், சைவக்காரர்கள் மறுநாள் இரவுக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே உணவுக்கூடத்தில் சொல்லிவைக்க வேண்டும், செய்து தருவார்கள். ஆனால் மூன்று வாரத்தில் பனீரும் பருப்பும் அலுத்துவிட்டது. பஃபேயில் சாதம் வைக்கிற தம்பி ஒருவர், "அம்மா, நீங்க பாண்டியா? நான் கடலூர், தேவனாம்பட்டினம்" என்றார். கப்பலில் ஏறி ஏழு மாதம், இன்னும் இரண்டு மாதம் பாக்கி. மறுநாள் மதியம் சின்னக் கிண்ணத்தைத் தட்டால் மூடிக் கொண்டுவந்து வைத்தார். தயிர் சாதம், கடுகும் காய்ந்த மிளகாயும் இஞ்சியும் தாளித்து, எண்ணெய்ச் சூடு ஆறாமல். கறிவேப்பிலை மட்டும் இல்லை. தயிர் புளிக்கவில்லையே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அடுத்த நாள் எலுமிச்சை பிழிந்து எடுத்துவந்தார். ஊர்க்காற்று எப்படி இருக்கிறது, சில்வர் பீச்சில் இப்போது கூட்டம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரை பிடிக்கும் நாட்களில் இப்படி நின்று பேச அவருக்கும் நேரம் இல்லை, எங்களுக்கும் இல்லை.

பணம்: டிப்ஸ் தனியாகப் பிடிப்பார்கள் என்று ஏஜென்ட் சொல்லவே இல்லை. எங்கள் கப்பலில் ஆளுக்கு நாளைக்கு 17 டாலர், இரண்டு பேருக்கு 23 இரவுக்கு 782 டாலர், கடைசிக் கணக்குச் சீட்டில்தான் தெரிந்தது. வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது, முன்கூட்டிச் சொல்லாததுதான் கோபம். டிக்கெட் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். போனைக் கரை தாண்டியதுமே ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், கப்பலின் டவரைப் பிடித்தால் அதற்கும் பில் வரும்.

கடைசி இரவு பெட்டிகளைச் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், மறுநாள் துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்காரரின் காலை மாத்திரை பெட்டியோடு போய்விட்டது, நல்லவேளை என் கைப்பையில் ஒரு அட்டை இருந்தது. மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் துணி மூன்றையும் கையிலேயே வையுங்கள். அமெரிக்க விசா, கனடா விசா இரண்டும் வேண்டும்.

அறை எடுத்தால் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் எடுங்கள், ஜன்னல் இருந்தால் போதும், பால்கனிக்குக் காசு போட வேண்டாம். அந்தக் குளிரில் கடைசி மூன்று நாள் நாங்கள் பால்கனிக் கதவையே திறக்கவில்லை.