மாற்றுத்திறனாளி அட்டை, பென்ஷன் எழுதப் போகிறவர்கள் தருமபுரியில் இந்த இ-சேவை மையத்துக்குப் போகலாம்

நான் லாரி ஓட்டினவன். தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிரேக் மிதிக்கிற கால். ஸ்டீயரிங் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது என்பதால், ஊனத்துக்குச் சான்று தரும் மருத்துவ வாரியத்தில் எனக்கு நூறு சதவீதம் ஊனம் என்று எழுதிவிடுவார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் என் தொழிலைக் கேட்கவே இல்லை. கால் எந்த இடத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தார், அளந்தார், 60 என்று எழுதினார்.

அந்தச் சான்றிதழோடு இங்கே வந்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் வாங்கி முழுவதும் படித்துவிட்டு, "அண்ணா, அவங்க அளக்கிறது உங்க காலை. லாரியை இல்ல" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அவர் விளக்கியது இது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு, கை கால் பாதிப்பு என்றால் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 40 இருந்தாலே போதும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தனிப் பிரிவு. என் 60-க்கு அந்தக் கதவு திறக்காது. வருவாய்த்துறை பென்ஷன் வேறு. அதற்கு 40 சதவீதம் போதும், ஆனால் வருமானத்துக்கு வழியில்லை என்று அவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து அது 1,500 ரூபாய். "ரெண்டாயிரத்துக்கு எழுதினா தள்ளுபடிதான் வரும், இதுக்கு எழுதலாம்" என்றார். முடியாது என்பதை முதலிலேயே சொல்லும் கடைக்குத்தான் மார்க் போட வேண்டும் என்பது என் கணக்கு. ஏனென்றால், இங்கே வருவதற்கு முன்பு ஒரு புரோக்கர் என்னைப் பிடித்து, பணம் கொடுத்தால் 80 ஆக்கித் தருகிறேன் என்றான். டீக்குக் காசும் என்னிடமே வாங்கினான், அது வேறு விஷயம்.

வேலை செய்கிற விதமும் பிடித்தது. ஆதாரில் என் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால். இது விசாரணையில் இடிக்கும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். விரல் ரேகை விழவில்லை. ஸ்டீயரிங் தேய்த்த கை. ரேகை வைக்கிற மெஷின் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்து, விரலில் துளி தேங்காய் எண்ணெய் தடவி இன்னொரு முறை வைக்கச் சொன்னார். அப்போதும் விழாமல், ஆதாரில் இருந்த என் மனைவி நம்பருக்கு ஓடிபி வரவைத்து முடித்தார். கடைசியில் தட்டியதை எல்லாம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ரசீதில் போட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அப்புறம் விஏஓ வந்தார், வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) வந்தார், மகன் என்ன சம்பாதிக்கிறான் என்று பக்கத்து வீட்டில்கூடக் கேட்டார்கள். கோப்பு சமூக பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர் மேசைக்குப் போய், இழுத்தடித்துத்தான் பணம் வந்தது. அதற்கு இந்தக் கடையைக் குறை சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கும் இங்கேதான் பதிந்தேன். எனக்கு வந்தது மஞ்சள் அட்டை. 80-உம் அதற்கு மேலும் என்றால் நீலம், 40-க்குக் கீழே வெள்ளை. பென்ஷன் வராத மாதங்களில்கூட டவுன் பஸ்ஸில் எனக்கும் துணைக்கு வந்த மனைவிக்கும் அந்த அட்டையைக் காட்டிக் காசு கொடுக்காமல் போக முடிந்தது. அரசு மருத்துவமனைக்கும் தாலுக்கா ஆபீஸுக்கும் அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குறை ஒன்று உண்டு. மையம் இருப்பது மாடியில், படி செங்குத்து, பிடிக்கக் கம்பி கிடையாது. கட்டைக் கால் வருவதற்கு முன்பு, கீழே ஜெராக்ஸ் கடைப் பையனை அனுப்பி அந்தப் பெண்ணையே இறங்கி வரச் சொல்லிக் காகிதங்களைக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் வந்தார், சரி. ஆனாலும் இந்த வேலைக்கு வருகிறவர்கள் யார் என்று யோசித்திருந்தால் இடத்தைக் கீழே பிடித்திருக்கலாம். ஐந்துக்கு நான்கு.

திங்கட்கிழமை போகாதீர்கள். கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள், மனு அடிக்க வருகிறவர்கள் கூட்டம் படி வரைக்கும் நிற்கும்.