கிரக கிராஃபை வைத்து நிஃப்டி பார்த்த அனுபவம்

கிரக நிலையை விலை கிராஃப் மேல் கோடாகப் போட்டுக் காட்டும் மென்பொருளை 2020 கடைசியிலிருந்து பயன்படுத்துகிறேன். இருப்பது காட்பாடியில். இந்தப் பக்கத்தில் பங்கு வாங்கி விற்கும் பலர் இப்போது இதற்குச் சந்தா கட்டப் பணம் எடுத்து வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒருவராவது "அண்ணா, அது வேலை செய்யுதா?" என்று கேட்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் எந்த நல்ல காரியமும் நடக்காது. ஜோதிடத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் கேள்வியெல்லாம், அதை நிஃப்டி (ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் குறியீடு) புள்ளியாக மாற்றுகிற அந்த ஒரு படியைப் பற்றித்தான்.

வானத்தைப் பொறுத்தவரை மென்பொருளில் குறையே இல்லை. 2020 டிசம்பர் 21 அன்று குருவும் சனியும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று காட்டியது. அன்று சாயங்காலம் மேற்கு வானில் வெறும் கண்ணுக்கே இரண்டும் அப்படித்தான் தெரிந்தன. அன்றைக்கு நிஃப்டியும் 430 புள்ளிக்கு மேல் விழுந்து 13,328-ல் முடிந்தது. இன்றுவரை விற்பனைப் பேச்சில் முதலில் காட்டுகிற படம் இதுதான். அதற்கு அடுத்த இரண்டு வாரத்தைக் காட்ட மாட்டார்கள். பிரிட்டனில் புதுவகைக் கொரோனா பரவுகிறது என்ற செய்தியில் விழுந்த சந்தை, 2021 ஜனவரி 1 அன்று 14,000-க்கு மேல் முடிந்தது. சேர்க்கையைப் பார்த்துவிட்டு பயந்து விற்றவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

குரு–சனி சேர்க்கை சுமார் 20 வருடத்துக்கு ஒரு தடவை வருவது. நிஃப்டிக்கு அடிப்படை நாள் 1995 நவம்பர் 3. அது பிறந்ததிலிருந்து இந்தச் சேர்க்கை 2000 மே மாதம் ஒரு தடவை, 2020-ல் ஒரு தடவை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. சனி ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றவே ஏறக்குறைய 30 வருடம் ஆகும். அதாவது நிஃப்டி தன் ஆயுளில் சனியின் ஒரே ஒரு சுற்றைத்தான் பார்த்திருக்கிறது. ஒரே சுற்றை வைத்துக்கொண்டு "சனி மீனத்துக்கு வந்தால் சந்தை இப்படித்தான்" என்று எப்படிச் சொல்ல முடியும்? சரிபார்க்க முந்தைய சுற்று என்று ஒன்று வேண்டுமே.

சரி, வேகமாக நகரும் கிரகங்களை எடுத்துக்கொள்வோம். கோடு போடும் முறை இப்படி: கிரகம் நிற்கும் பாகையை விலையாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு பாகைக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள். 24,000-ஐ 360-ஆல் வகுத்தால் மீதி 240. அது தனுசு ராசியின் தொடக்கம். எந்தக் கிரகம் தனுசுக்குள் நுழைகிறதோ அதன் கோடு 24,000-ல் வந்து நிற்கும். அதே கோடு 360 புள்ளிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று திரும்பத் திரும்ப வரும். ராகு, கேதுவையும் சேர்த்து ஒன்பது கிரகம் என்றால் சராசரியாக 40 புள்ளிக்கு ஒரு கோடு. எதிர்ப்பார்வை, அதாவது கிரகத்துக்கு நேரெதிரே 180 பாகையில் விழும் கோடுகளையும் சேர்த்தால் இன்னும் நெருக்கம். நிஃப்டி ஒரு நாளில் 150, 200 புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். அப்புறம் எந்த நாளின் உச்சமும் ஏதோ ஒரு கோட்டுப் பக்கத்தில்தான் இருக்கும். காட்பாடி ஜங்ஷனில் நின்றுகொண்டு "அரைமணிக்குள் ஒரு ரயில் வரும்" என்று சொல்வது போலத்தான் இது.

புரோக்கர் ஆபீஸில் பழக்கமான தம்பி ஒருவர் இருக்கிறார், நல்ல உழைப்பாளி. ஒருநாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "அண்ணா, குரு லைன்ல டச் பண்ணிட்டு அப்படியே திரும்பிடுச்சு பாருங்க!" என்றார். உண்மைதான், விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கேண்டில் குச்சி கோட்டைத் தொட்டுத் திரும்பியிருந்தது. செட்டிங்கில் அயனாம்சத்தை (ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியைத் தள்ளி வைக்கும் அளவு) மட்டும் மாற்றச் சொன்னேன். லஹிரி அயனாம்சத்தை எடுத்துவிட்டு மேல்நாட்டு சாயனக் கணக்கைப் போட்டால் சுமார் 24 பாகை வித்தியாசம். குரு கோடு 24 புள்ளி நகர்ந்து போய்விட்டது. ஆனால் அதே குச்சியின் நுனியில் இப்போது சுக்கிரன் கோடு வந்து உட்கார்ந்துகொண்டது. தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதை வச்சுண்ணா டிரேடு எடுக்கறது?" என்றார். அந்தக் கேள்விக்கு மென்பொருளில் பதில் கிடையாது. ஒரு பாகைக்கு எத்தனை புள்ளி, எந்த அயனாம்சம், எந்தக் கிரகம் என்று எல்லாவற்றையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். பழைய விலைக்குப் பொருந்துகிற மாதிரி தேர்ந்தெடுத்தால் பழைய விலைக்குப் பொருந்தத்தான் செய்யும்.

ராகு காலத்தைக் காட்ட மென்பொருள் கிராஃபில் போடும் நிழலும் அப்படித்தான். அது சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. தீர்க்கரேகைக் கணக்கில் மட்டுமே வேலூருக்கும் மும்பைக்கும் சுமார் 25 நிமிட வித்தியாசம். ஊரை வேலூர் என்று வைத்தால் ஜனவரி மாதத் திங்கள்கிழமை ராகு காலம் சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது. மும்பை என்று வைத்தால் கிட்டத்தட்ட பத்து மணி வரை நீள்கிறது. ஒரே பங்கு, ஒரே நிமிடம். வாங்குகிற எனக்கு நல்ல நேரம், விற்கிற மும்பைக்காரருக்கு ராகு காலம்!

2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சிக்கு மென்பொருளில் பெரிய சிவப்புப் பட்டையே போட்டிருந்தார்கள். ஏப்ரல் 7 அன்று நிஃப்டி 742 புள்ளி விழுந்ததும் "பார்த்தீங்களா" என்று ஒரே பேச்சு. ஏப்ரல் 2-ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மேல் வரி அறிவித்ததை யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் நிஃப்டி 24,000-ஐத் தாண்டி ஏறியதையும்தான். குடியாத்தத்தில் ஜாதகம் பார்க்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கக்காரர். "எங்க கணக்குல அடுத்த வருஷம் மார்ச்லதாம்பா பெயர்ச்சி. சனி இன்னும் கும்பத்துலதான் இருக்கார்" என்றார். மென்பொருள் காட்டும் திருக்கணிதத்துக்கும் (இன்றைய வானியல் கணக்கு) வாக்கியத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு வருடம். பரிகாரத்துக்கு அவரவர் குடும்ப வழக்கத்தைப் பின்பற்றலாம். குறித்த நாளோடு காலாவதியாகிவிடும் ஒப்பந்தமான ஆப்ஷனின் எக்ஸ்பைரிக்கு ஒரு வருட வித்தியாசம் தாங்குமா?

எனக்கு மனதில் அதிகம் பட்டது தோல் விஷயம். தோலுக்குக் காரகன், அதாவது உரிய கிரகம், சனி என்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல் பிழைப்பு. 2025 ஜூலை நடுவில் சனி வக்கிரம் (பின்னோக்கி நகர்வது போலத் தெரிவது) தொடங்கியது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருளுக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. ஷூ ஏற்றுமதி செய்கிறவர்கள் தவித்துப்போனார்கள். கிராஃபில் வக்கிரமும் வீழ்ச்சியும் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். ஆனால் சனி ஒவ்வொரு வருடமும் நாலரை மாதம் வக்கிரத்தில்தான் இருக்கிறது. வரியோ அந்த வருடம் மட்டும்தான் வந்தது. தோல் பங்கு வைத்திருக்கிறவர் ஆம்பூரில் ஆர்டர் எப்படி இருக்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்தாலே எந்தக் கோட்டையும் விடத் தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம். அந்த வசதி நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். தேதியை முன்கூட்டியே குறித்து வைத்துக் காத்திருக்கும் பழக்கம் எனக்கு இதில்தான் வந்தது. அவசரப்பட்டு வாங்குவது குறைந்தது. ஆனால் அந்தக் குறிப்பு நோட்டைப் புரட்டினால், 'திருப்பம்' என்று குறித்த தேதிகளில் ஏறியதும் உண்டு, இறங்கியதும் உண்டு, அசையாமல் கிடந்ததும் உண்டு. எந்தத் திசை என்று கிராஃப் ஒருபோதும் முன்னால் சொன்னதில்லை. முடிந்த பிறகுதான் விளக்கம் கிடைக்கும்.

என்னை உறுத்துவது இதை ஆப்ஷன் பக்கம் கொண்டுபோவதுதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஏற்கனவே இப்படி இருக்கிற இடத்தில் "குரு கோட்டில் கால் ஆப்ஷன் வாங்கு" என்று டெலிகிராமில் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். குடும்பப் பணத்தோடு இறங்குகிறவர்களைப் பார்க்க வயிறு கலங்குகிறது.

நான் பெரிய சந்தாவை நிறுத்திவிட்டு, கிரக நிலை மட்டும் காட்டும் சின்னத் திட்டத்துக்கு மாறிவிட்டேன். அது மிக நன்றாக இருக்கிறது, வானம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பங்குக்காக வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் விற்கிறவரிடம் அடுத்த மூன்று மாதத்துக்கான தேதி, திசை, அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். அயனாம்சமும் பாகை அளவும் நடுவில் மாறக்கூடாது என்று சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு பங்கு சிபாரிசும் செய்கிறார் என்றால் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பெயர் வர வேண்டும். புரோக்கர் ஆபீஸ் தம்பி போன மாதம் இந்தக் கேள்விகளை அப்படியே அனுப்பினார். சலுகை விலை இன்று இரவோடு முடிகிறது என்று மட்டும் பதில் வந்தது. அவர் கட்டவில்லை.