மிதக்கும் படிக்கட்டு: மரவேலைக்கு நாலரை ஸ்டார், சுவர்ப் பிடிப்புக்கு ஒன்று

கோவையில் எஸ்எஸ் ரெய்லிங்கும் கண்ணாடி வேலையும் எடுத்துச் செய்யும் ஒரு பட்டறை மாட்டிக்கொடுத்த ஃப்ளோட்டிங் படிக்கட்டுக்கான, அதாவது ஒரு பக்கம் சுவரில் மட்டும் பிடித்து மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் படிக்கட்டுக்கான ரிவ்யூ இது. மாடிக்கு ஏற 16 படி. ஒவ்வொன்றும் சுவரிலிருந்து 3 அடி நீட்டம். உள்ளே 100×50 மி.மீ. எம்எஸ் (சாதாரண இரும்பு) பாக்ஸ் பைப், மேலே தேக்கு. ஏற்றம் 176 மி.மீ., மிதி 280 மி.மீ. பலகை இழைப்பு, பாலிஷ், படிக்குப் படி மட்டம் எதிலும் குறை இல்லை. கோளாறு முழுக்கச் சுவருக்குள் இருக்கிறது.

ஆறாவது படியில் அது கண்ணுக்கே தெரிகிறது. படியின் மேல்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி. அடிப்பக்கம் பூச்சு நசுங்கித் தரையில் வெள்ளைப் பொடி. மிதித்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம். மேலே பிளந்து கீழே நசுங்கினால், படி பைப்பைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் இரும்பு பிளேட் சுவரை விட்டுப் பெயர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பெயிண்ட் வெடிப்பு என்று பட்டி பார்த்து மூடிவிடக் கூடாது.

கணக்கு எளிது. சுவரிலிருந்து தனித்தனியாக நீட்டும் படியின் நுனியில் 1.3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 132 கிலோ எடை தாங்க வேண்டும் என்கிறது கட்டடங்கள் தாங்க வேண்டிய எடைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 இரண்டாம் பாகம். நீட்டம் 0.9 மீட்டர். கடப்பாரையால் நெம்புகிற மாதிரி இந்த எடை பிளேட்டை நெம்புகிறது. இங்கே போட்டிருந்தது 150 மி.மீ. உயரப் பிளேட். மேல் போல்ட்டிலிருந்து பிளேட்டின் அடி விளிம்புக்கு 120 மி.மீ.தான். அப்படியானால் மேலே உள்ள இரண்டு போல்ட்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் இழுவையைத் தாங்க வேண்டும். அதே பிளேட் 250 மி.மீ. உயரமாக இருந்தால் இது பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். பூச்சுக்குள் மறையப்போகும் இரும்பில் மிச்சம் பிடித்து என்ன லாபம்?

பிளேட்டைத் திறந்தால் 100 மி.மீ. நீள எம்10 (10 மி.மீ. தடிமன்) ஆங்கர் போல்ட் நாலு. நட்டுக்கும் வாஷருக்கும் 12, பிளேட்டுக்கு 8, கொத்தாமல் விட்ட பூச்சுக்கு 15 போக, சுவருக்குள் இறங்கியது வெறும் 65 மி.மீ. அந்தச் சுவரும் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான சிமெண்ட் கல். அதன் நசுக்கு வலிமை சதுர மி.மீ.க்கு 4 நியூட்டன் போல. எம்20 ரக கான்கிரீட்டுக்கு 20. விரிந்து பிடிக்கும் போல்ட் இந்த பிளாக்கில் பிடிக்காது, பொடியாக்கும். “டைட் பண்ணி விட்டா போதுங்க” என்றது பட்டறை. ஸ்பேனர் போட்டால் போல்ட் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

இரண்டாம் தடவை அதே ஓட்டையில் கெமிக்கல் ஆங்கர் (ராடைப் பசை மருந்தால் ஓட்டைக்குள் ஒட்டவைக்கும் முறை) விட்டார்கள், அதுவும் தூசி ஊதாமல். கான்கிரீட்டாக இருந்தாலே முறை இதுதான்: எம்12 ராடுக்கு 14 மி.மீ. ஓட்டை, 110 மி.மீ. ஆழம், ஊதி, பிரஷ் போட்டு, திரும்ப ஊதி, அடியிலிருந்து மருந்தை நிரப்பி, ராடைத் திருகிக்கொண்டே இறக்கி, கார்ட்ரிஜில் போட்ட நேரம் வரை கை வைக்காமல் விட வேண்டும். ஏஏசியில் மருந்து பிடித்தாலும் பிளாக்கே துண்டாகப் பிய்ந்து வரும்.

கட்டும்போதே என்றால் அந்த ஒரு பக்கச் சுவரை 8 அங்குல ஆர்சிசியாகப் போடுவது நல்லது. இல்லாவிட்டால், பிளிந்த் பீமிலிருந்து (தரைமட்டத்து பீம்) மேல் பீம் வரை 100×100 பாக்ஸ் தூண்களைச் சுவருக்குள் நிறுத்தி, படி பைப்பை முழுச்சுற்று வெல்டிங் வைக்க வேண்டும். டேக் (அங்கங்கே வைக்கும் புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்துவிட்டுப் போகக் கூடாது. கட்டி முடித்த வீட்டில் இரண்டு வழிதான்: நடுவில் ஒரே சாய்வு பாக்ஸ் பீம் கொடுப்பது, அல்லது மேல் ஆர்சிசியிலிருந்து எஸ்எஸ் ராடு இறக்கி நுனியைத் தூக்கிப் பிடிப்பது. மிதக்கிற அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சைஸை இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நுனியில் கண்ணாடி ரெய்லிங் கேட்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கவும். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஒரு மீட்டர் உயரம் என்றால் படிக்கு எட்டு கிலோவுக்கு மேல் நாள் முழுக்க நுனியில் தொங்கும்.

கடைசித் தொகை கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம். படிக்கு ஒரு அங்குலம் கீழே ஜாக்கி நிறுத்திவிட்டு, நுனியில் இரண்டு சிமெண்ட் மூட்டை, அதன் மேல் 26 கிலோ அரிசி மூட்டை ஒன்று. தரையிலிருந்து நுனிக்கு முன்னும் பின்னும் டேப் பிடிக்கவும். 5 மி.மீ.க்கு மேல் இறங்கினாலோ, மூட்டையை எடுத்த பிறகு பழைய அளவுக்கு வராவிட்டாலோ வேலையை ஏற்றுக்கொள்ளக் கூடாது. சீர், விசேஷம் என்று பத்துப் பேர் தட்டோடு வரிசையாக ஏறுகிற வீட்டில் இது அதிகப்படியான சோதனை இல்லை.

இந்தப் பட்டறையின் கொட்டேஷனில் மரத்தின் வகை, பாலிஷ் கோட்டு, ரெய்லிங் கிரேடு எல்லாம் வரி வரியாக இருக்கிறது. சுவர் எதில் கட்டியது என்ற கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. வாரண்டியும் மரத்துக்கும் துருவுக்கும் மட்டும்தான்.