இல்லாத இன்ஜின்களோடு சில வருடங்கள்: என் மீட்டர் கேஜ் கற்பனை லோகோக்கள் பற்றி

பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க 'N' ஸ்கேல் (1:160 அளவு) மாடல் டீசலின் சேசிஸை (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பகுதியை) வாங்கி, அதன் மேல் நாமே வடிவமைத்த உடலைப் போட்டு, தெற்கு ரயில்வேயில் என்றுமே இருந்திராத ஒரு மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) இன்ஜினை மாடல் ரயிலாக ஓட்டலாமா என்றால், தாராளமாக ஓட்டலாம். சில வருடங்களாக மொட்டை மாடி அறையில், சென்னை வெயிலையும் மழையையும் தாங்கி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கட்டிய எல்லாம் ஓடவில்லை, பாதி அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. அந்தப் பாதி ஏன் போனது என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம், மோட்டார் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை.

முதலில் அளவுக் கணக்கு. நான் எடுத்துக்கொண்டது 1:120, தண்டவாள இடைவெளி 9 மி.மீ., அதாவது கடையில் கிடைக்கும் 'N' கேஜ் தண்டவாளம். 9 மி.மீ.யை 120ஆல் பெருக்கினால் 1080 மி.மீ. வருகிறது, மீட்டர் கேஜுக்கு 80 மி.மீ. அதிகம், கண்ணுக்குத் தெரியாது. நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் மூன்றரை அடி பாதைக்கு இதே ஜோடியைத்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1:120 என்பது டிடி ஸ்கேல், ஜெர்மனியில் டில்லிக் போன்றவர்கள் வெகுகாலமாகச் செய்கிறார்கள், 2022இல் ஹார்ன்பியும் இறங்கியது, ஆகவே மனித பொம்மை, விளக்குக் கம்பம், மரம் எதற்கும் பஞ்சமில்லை.

சேசிஸ், ஜப்பானிய மாடல் நிறுவனமான கேட்டோவின் எஸ்டி40-2. அசல் அமெரிக்க இன்ஜின் கிட்டத்தட்ட 21 மீட்டர் நீளம், 1:160இல் 131 மி.மீ. அதே 131 மி.மீ.யை 1:120 என்று எடுத்துக்கொண்டால் 15.7 மீட்டர் வருகிறது, ஆறு அச்சு மீட்டர் கேஜ் டீசலுக்கு இதைவிடப் பொருத்தமான நீளம் வேண்டாம். சக்கரம்தான் உதைக்கிறது. அமெரிக்காவில் 40 அங்குலமாக இருந்தது நம் அளவில் 30 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. நம் மீட்டர் கேஜில் நிஜமாக ஓடிய ஒய்டிஎம்-4 டீசலைக் கட்டப் போகிறவருக்கு இது தலைவலி, தெரிந்தவர்கள் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். கற்பனை இன்ஜினில், போகிச் சட்டத்தை (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கொஞ்சம் கீழே இறக்கிச் சக்கரத்தை மறைத்து, இது இப்படித்தான் என்று சொல்லிவிடலாம். நான் கற்பனைப் பக்கம் வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தச் சக்கரம்தான்.

சரி, பெட்டிக்குள் போனவை. ஆரம்பத்தில் கட்டியவை எல்லாம் 'பார்க்க நன்றாக இருக்கும்' என்று கட்டியவை. கூர்மூக்கு வைத்த அதிவேக இன்ஜின் ஒன்று, நாலே அச்சில் 3,000 குதிரைத்திறன் ஒன்று. அலமாரியில் அழகாகத்தான் இருந்தன. ஆனால் பின்னால் நாலு மீட்டர் கேஜ் பெட்டிகளைக் கோர்த்து ஓட விட்டதும் முழு லேஅவுட்டும் (மாடல் ரயில் பாதை அமைப்பும்) பொம்மைக் கடையாகிவிட்டது. ஒய்டிஎம்-4இன் எடை 72 டன், ஆறு அச்சு, ஆக அச்சுக்கு 12 டன். நம் மீட்டர் கேஜ் பாதை சுமக்கும் சுமையே ஏறக்குறைய அவ்வளவுதான், அதிலும் 1,400 குதிரைத்திறன்தான். நாலு அச்சில் அதைப்போல் இரண்டு மடங்கு சக்தி என்றால் எடை எங்கே உட்காரும்? பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் எங்கேயோ இடிக்கிறது என்று கண் சொல்லிவிடும், எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்புறம்தான் இன்ஜினை விட்டுவிட்டு வரலாற்றில் கை வைத்தேன். எழும்பூரில் இருந்து மீட்டர் கேஜ் மின்கம்பி விழுப்புரத்தோடு நின்றது. ஜப்பானில் இருந்து வந்த ஒய்ஏஎம்-1 மின் இன்ஜின்கள் அதுவரைதான் இழுக்கும், அதற்கு மேல் தெற்கே டீசல் ராஜ்யம். 1992இல் பாதைகளை ஒரே அகலப் பாதையாக்கும் யூனிகேஜ் திட்டம் வந்தது, ஒவ்வொரு பாதையாக அகலமாயிற்று. என் லேஅவுட்டில் அந்தத் திட்டம் வரவில்லை, கம்பி விருத்தாசலம் வழியாகத் திருச்சி வரை நீண்டுவிட்டது, அவ்வளவுதான் மாற்றம். அந்த ஒரு பொய்யைச் சொன்னதும் மற்றதெல்லாம் தானாக வந்தது: திருச்சி வரை கனமான இரவு ரயில்களை இழுக்க ஒய்ஏஎம்-1 போதாது, ஆறு அச்சு வேண்டும், பராமரிப்பு திருச்சி பொன்மலைப் பணிமனையில், உதிரிபாகம் ஏற்கனவே கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒய் என்றால் மீட்டர் கேஜ், ஏ என்றால் ஏசி, எம் என்றால் பயணிகளுக்கும் சரக்குக்கும் பொது, ஆகவே ஒய்ஏஎம்-2. பெயர்கூட நான் வைக்கவில்லை, ரயில்வே விதியே வைத்துவிட்டது. இதற்குத் துணையாக ஒய்டிபி-1 என்று ஒரு பயணிகள் டீசல், திருச்சியில் இருந்து மதுரைப் பக்கம் வைகை எக்ஸ்பிரஸை எடுத்துப் போக. இந்த இரண்டும்தான் இன்றுவரை தினமும் ஓடுகின்றன.

இதற்கு நேர் எதிராகச் செய்து ஜெயித்தவரும் உண்டு. கலிபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் என்ற மாடல் ரயில்காரர் கட்டிய லேஅவுட்டில் 13ஆம் எண் ஷண்டிங் இன்ஜின் (யார்டில் பெட்டிகளை நகர்த்துவது) ஒரு ஸ்டெகோசாரஸ், பெயர் எம்மா. டைனோசர்! சுற்றி இருந்த மலை, பாலம், அழுக்கு எல்லாம் அத்தனை நம்பகமாக இருந்ததால் அந்த ஒரு குறும்பு செல்லுபடியானது. 1973இல் அவர் இறந்து சில நாட்களிலேயே லேஅவுட்டும் தீயில் போனது. நமக்கு அந்தக் கை வராது, ஆகவே அச்சுச் சுமைக் கணக்கே துணை.

உடல் கட்டுவதில் ரெசின் 3டி பிரிண்ட், ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகடு இரண்டையும் நீண்ட நாள் பார்த்துவிட்டேன். ரெசினில் கிரில், ரிவெட், கதவுக் கீல் எல்லாம் அற்புதமாக வரும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் சுவர், உள்ளே விலா எலும்பு இல்லாமல் அச்சடித்தால், இரண்டு கோடைக்குள் நீண்ட பக்கங்கள் வெளியே வயிறு தள்ள ஆரம்பிக்கும். வெளியே ஒரு கடையில் கொடுத்து வாங்கிய உடல் ஒன்று, சரியாக கியூர் செய்யாமலே (ஒளியில் இறுக விடாமலே) அனுப்பியிருக்கிறார்கள் போல, பெயின்ட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் பிசுபிசுத்தது. கேட்டால் 'உங்கள் ஊர் வெயில் சார்' என்றார்கள். ஜன்னல் ஓரம் வைத்தால் ரெசின் நாளாக நாளாக நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், கைப்பிடிக் கம்பிகள்தான் முதல் பலி. இப்போது என் வழக்கம்: பக்கச் சுவரும் கூரையும் ஸ்டைரீன், மூக்கும் ரேடியேட்டர் கிரில்லும் மட்டும் ரெசின், கைப்பிடி பித்தளைக் கம்பி. வேலை கூடுதல்தான், ஆனால் உடல் அசையாமல் நிற்கிறது. வார்னிஷ் விஷயத்தில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் லாக்கர் பக்கம் போகாதீர்கள், காற்றின் ஈரத்தில் வெளிறிப்போகும்.

எண் எழுதுவது தனிக் கதை. வீட்டு லேசர் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, ஆனால் இன்ஜின் எண் வெள்ளையில்தான் எடுப்பாக இருக்கும். ஆகவே வண்ணத்திட்டத்தையே அதற்கேற்ப வளைத்தேன். கேபின் ஜன்னலுக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. வெள்ளை டீகால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாள்) பட்டையைக் கறுப்பாக அச்சடித்து, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டால் தாளின் வெள்ளையே எழுத்தாகிவிடும். பட்டையின் ஓரம் வெட்டும்போது வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும், கறுப்பு மார்க்கரால் ஓரத்தை ஒரு இழு இழுத்துவிட்டுத் தண்ணீரில் போட வேண்டும். நிஜ இன்ஜின் என்றால் இந்த வண்ண சுதந்திரம் கிடைக்காது. தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறேன், 'பொன்மலை' என்று, அவ்வளவு சின்ன அளவில் லை-யின் சுழி நிரம்பிப்போகாமல் இருக்க மெல்லிய எழுத்துரு வேண்டும்.

சேசிஸ் பற்றிக் கடைசியில்தான் வருகிறேன், காரணம் அது தொல்லையே கொடுக்கவில்லை. இரண்டு ஃப்ளைவீல் (ஓட்டத்தைச் சீராக்கும் சுழல் உருளை), இடம் வலம் என இரு பாதியாகச் செய்த உலோகச் சட்டம், நல்ல எடை, மெதுவாக ஊர்வதில் குறை இல்லை. இதற்கு முன் வேறு மலிவான ஒன்று வைத்திருந்தேன், கியர் விரிசல் விட்டு டக் டக் என்று நொண்டும், பெயர் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து மிகக் கொஞ்சமாகப் புதிது வைக்கிறேன், தூசிதான் இங்கே பெரிய எதிரி, சக்கரத்தை வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் விளக்கு மினுக்கும். டீசலில் சத்த டிகோடர் (ஒலி எழுப்பும் சிப்) போட்டிருக்கிறேன், ஒய்டிஎம்-4இல் இருந்த ஆல்கோ 251 ஒலி. இது முக்கியம்: உருவம் கற்பனையாக இருக்கலாம், சத்தம் மட்டும் அந்தப் பாதையில் கேட்ட சத்தமாக இருக்க வேண்டும். ஒலி வந்த பிறகுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் 'இது எப்போ ஓடுச்சு?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மின் இன்ஜின் கதை வேறு. டீசல் சேசிஸில் பேன்டோகிராப் (மின்கம்பியைத் தொடும் கை) வைத்தால் உயரம் கூடும், என் சுரங்கத்துக்குள் பேன்டோகிராப்பை மடக்கித்தான் ஓட்டுகிறேன், அது ஒரு சமரசம். முன்பக்கம் ஜோடி பஃபர் (மோதல் தாங்கி) மட்டும் வைத்துவிடாதீர்கள், நம் மீட்டர் கேஜில் நடுவில் ஒரே பஃபர்தான், அது ஒன்று மாறினாலே இன்ஜின் வேறு ஊருக்குப் போய்விடும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் இருக்கிறார், மீட்டர் கேஜில் நிறைய ஓட்டியவர். ஒய்டிபி-1ஐக் கையில் வாங்கி, திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இல்லாத இன்ஜின் என்று சொல்லவே இல்லை.

"தம்பி, மணல் பெட்டி எங்க வச்சிருக்க? மழையில மேடு எப்படி ஏறும்?"

போகிக்கு மேலே நாலு மணல் மூடி வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "இப்ப சரி. கேபின்ல ஃபேன் இருக்கா?" என்றார்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் சேசிஸை இங்கேயே ஒருவரிடம் பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை, சுங்கவரி மிச்சம், உடலை எப்படியும் கழற்றித்தான் போடப் போகிறீர்கள். எனக்கு அடுத்தது விழுப்புரம் யார்டுக்கு ஒரு குட்டி ஷண்டர், ஒய்டிஎஸ் வரிசையில். நாலு சக்கரத்தில் மெதுவாக ஊரும் சின்ன சேசிஸ் யாராவது நீண்ட நாள் ஓட்டிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், அச்சு இடைவெளி 20 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது.