தாடை நீர்க்கட்டிக்குக் குழாய் வைத்த சிகிச்சை: தருமபுரியில் எங்கள் அனுபவம்

என் தாயாருக்கு வயது 74. கீழ்த்தாடையின் வலப்பக்கம் வலியே இல்லாமல் வீங்கிவந்ததைச் சொத்தைப் பல்லின் வேலை என்றெண்ணிப் பல மாதங்கள் விட்டுவிட்டோம். படம் எடுத்தபோது கடைவாய்ப் பல்லின் வேருக்கடியில் எலும்பைக் குடைந்து நீர்க்கட்டி வளர்ந்திருந்தது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் முழு மயக்கம் கொடுத்துக் கட்டியை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றார்கள். இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க வைத்த ஸ்டென்ட் இருக்கிறது, சர்க்கரை நோயும் சிறுநீரகக் குறைபாடும் உண்டு என்று நாங்கள் சொன்னதை அங்கே எவரும் காதில் வாங்கவில்லை.

தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகிலுள்ள பல் மருத்துவமனையில், தாடை அறுவை மருத்துவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே மாத்திரைச் சீட்டுகளை வாங்கிப் படித்தார். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும், அது ஈறில் கசியும் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து என்று விளக்கி, இதய மருத்துவரின் கடிதத்தையும் கேட்டு வாங்கினார். உள்ளே தேங்கும் நீரின் அழுத்தத்தால்தான் கட்டி விரிகிறது. அதை இறக்கிவிட்டால் சுற்றியுள்ள எலும்பு மெல்ல வளர்ந்து குழியை நிரப்பும். கட்டியைத் திறந்துவைத்து வடியவிடும் இந்த வழியை ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892-லேயே எழுதியிருக்கிறார்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, காரணமான பல்லைப் பிடுங்கி, அந்தக் குழி வழியாகவே கட்டியின் சுவரில் ஒரு துண்டை எடுத்து, துளை மூடாதிருக்க மெல்லிய குழாயை வைத்துத் தைத்தார்கள். மறுநாள் அம்மா ஆறிய கேழ்வரகுக் கூழ் குடித்தார். எடுத்த துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியதை நான் மிகவும் மதிக்கிறேன். திரும்பத் திரும்ப வளரும் கெரட்டோசிஸ்ட் வகையா என்பதைப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருந்தது சாதாரணப் பல்வேர்க் கட்டிதான்.

வீட்டுப் பொறுப்பு கனமானது. தினமும் இரண்டு வேளை, ஊசி நீக்கிய சிரிஞ்சால் குழாய்க்குள் உப்புநீர் செலுத்திக் கழுவ வேண்டும். முதல் வாரம் எனக்குக் கை நடுங்கியது. எவ்வளவு நீர், எந்தச் சாய்வில் என்பதை வாய்மொழியாக மட்டுமே சொன்னார்கள்; தமிழில் ஒரு தாள் அச்சடித்துத் தரவேண்டும். நோய் மிகுந்த முதியோர் வரும் இடம் மாடியில் இருந்தும் லிஃப்ட் இல்லாதது பெருங்குறை.

ஐந்தாம் மாதப் படத்தில் குழி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு தரும் கீழ் உதட்டின் உணர்வும் குறையவில்லை. எஞ்சியதை இன்னொரு சிறிய அறுவையில் எடுப்பதா, குழாயையே இன்னும் சில மாதங்கள் விட்டுவைப்பதா என்பதை ஆவணியில் எடுக்கும் படத்தைப் பார்த்து முடிவு செய்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.